கையில் இருப்பது திரை மட்டுமே!



ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் ஊழியர் தட்டுகிறாரே, அந்தப் பெட்டிக்குள் ஒரு சீட்டின் கணக்குகூட கிடையாது. எல்லாம் தூரத்து மையக் கம்ப்யூட்டரில். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் மையங்கள் 1999-ல் இணைக்கப்பட்ட பிறகு, எந்த ஊர் கவுண்டரிலும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது.

டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன் இதற்கு அண்ணன். கவுண்டரில் கிடைப்பது ஒரே ஒரு புரோகிராம். இதில் முழுக் கம்ப்யூட்டரே கிடைக்கும். பெரிய சர்வர் ஒன்றின் பிராசசர், ராம், டிஸ்க் எல்லாவற்றையும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பாகம் பிரித்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் போலக் காட்டும். நாம் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் அங்கே போகும். திரையின் படம் மட்டும் இங்கே வரும். அவ்வளவுதான்.

ஊர் ஊராகச் சுற்றும் சர்வீஸ் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் கம்பெனி டிராயிங் போகாது, அது சர்வரில். பொம்மிடியில் ரயிலேறி சேலம் போகிறார்; லோக்கூர் பக்கம் சிக்னல் விட்டுப்போகிறது. திரை அப்படியே நிற்கும். சர்வரில் அவர் திறந்த வேலை திறந்தபடியே இருக்கும். சேலத்தில் இறங்கி நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது. விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை!

2020 மார்ச் ஊரடங்கில் பல கம்பெனிகள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பின. இந்த முறையை முன்பே வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பாடு குறைவு. அதுவரை வீட்டிலிருந்து வேலை வாங்க, பி.பி.ஓ. கம்பெனிகள் தொலைத்தொடர்புத் துறையிடம் பிணை உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மார்ச்சில் தளர்த்தி, நவம்பரில் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

டிப்ளமோ முடித்தால் ஓசூர், இல்லையென்றால் பெங்களூர் என்றே நம்ம பக்கம் பழக்கம். ரூம் வாடகையும் மெஸ் பில்லும் போக வீட்டுக்கு என்ன அனுப்புவது? ஆட்டோகேட் சரளமாக ஓடும் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சே எங்கள் வீட்டில் எழாது. சர்வரில் கிராபிக்ஸ் கார்டையும் பங்கு போட்டுத் தருகிறார்கள், 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப்பிலும் டிராயிங் திறக்கும். சர்வர், லைசென்ஸ் செலவு கம்பெனி தலையில்.

நம் பக்கம் வேண்டியது நல்ல லைன். நெட் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், தாமதத்தைப் பாருங்கள். பிங் கட்டளை கொடுத்தால் மில்லிசெகண்டில் காட்டும். 50-க்குள் என்றால் சுகம். 150-ஐத் தாண்டினால் மவுஸ் ஒரு பக்கம், அம்புக்குறி ஒரு பக்கம்!