உஷார்! ரேஷன் கார்டு இருக்கிறது, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?

கார்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிஎச்எச் என்று குறித்த முன்னுரிமை அட்டை, அந்தியோதயா அட்டை இரண்டுக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் ரேஷன் கடையில் ரேகை வைத்து, ஆதார் வழியாக ஆளைச் சரிபார்க்கும் இ-கேஒய்சியை முடித்திருக்க வேண்டும். குடும்பத் தலைவி மட்டும் வைத்தால் போதாது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனும் வைக்க வேண்டும். ஊருக்கு வர வேண்டியதில்லை, அங்கே உள்ள ரேஷன் கடையிலேயே வைக்கலாம். இதற்குக் காசு கிடையாது. லிங்க் அனுப்பி ஓடிபி கேட்பவன் திருடன்.

ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஜார்க்கண்டைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்த வீட்டுக் கார்டை நீக்கியிருந்தார்கள். மலேரியா என்றது அரசு, பட்டினி என்றார் தாய். அந்த வீட்டுக்கு அரிசி நின்றுபோயிருந்தது மட்டும் நிஜம். அதன் பிறகுதான், ஆதார் இல்லை என்பதற்காக யாரையும் நீக்காதீர்கள் என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது.

2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. கைக்கு வந்து சேர்வதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சட்டம் வருவதற்கு முன்பே இந்தக் கதைதான். 2004-05இல் பீகாரில் ரேஷன் தானியத்தில் சுமார் 91 சதவீதம் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் கணக்கிட்டார்கள். 2011-12இல் அது 24 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. சத்தீஸ்கர் தனியாரிடமிருந்து கடைகளை வாங்கி ஊராட்சிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் கொடுத்து நிமிர்ந்தது. தமிழ்நாடு ஏழை யார் என்று கணக்குப் பார்த்து ஆட்களைக் கழிக்காததால் தப்பித்தது. இப்போது ரேகை மிஷின் வழியாக அந்தக் கழித்தல் நம் வாசலுக்கும் வருகிறது என்பதுதான் என் பயம்.

முதலில் அடிபடுவது யார்? வேலை செய்தே ரேகை தேய்ந்துபோனவர்கள்: சித்தாள், தேயிலை பறிப்பவர், காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த பாட்டி. கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார், மிஷின் ஏற்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. "அடுத்த வாரம் வாங்க பாட்டி" என்றதும் காலிப் பையோடு திரும்பிவிடுகிறார். திரும்ப விடாதீர்கள்! கருவிழிப் பதிவு கேளுங்கள். ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் ரேகையைப் புதுப்பியுங்கள். கடைக்கு வர முடியாதவருக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரச் சான்று உண்டு.

திருப்பூரில் உங்கள் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளியிடமும் சொல்லுங்கள். ஊரில் மனைவி தன் பங்கை வாங்கிக்கொள்ள, இவர் தன் பங்கை இங்கேயே வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு அதற்குத்தான்.

வாங்காத சர்க்கரைக்கு பில் போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தாலோ, பெயரே காணாமல் போனாலோ கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சட்டப்படி தர வேண்டிய தானியம் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. புகார் எண் 1967. இன்றைக்கே கார்டை எடுத்து, ஒவ்வொரு பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.