இரு மழையும் இரு தவளையும்

உப்பளத்தில் வாழும் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையுமே மழைக்காலம். நமது புதுவை ஆட்சியைச் சேர்ந்த மாஹேயிலோ ஆனியும் ஆடியும் பெருமழைக்காலம். இவ்வேற்றுமைக்குக் காரணம் இடையே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையாகும். தென்மேற்குக் காற்றுக் கொணரும் மழையைப் பெரிதும் மேற்குச் சரிவே பெற்றுக்கொள்ள, கீழைச் சரிவு வடகிழக்குப் பருவத்தை எதிர்நோக்கி நிற்கின்றது. மழையைப் பிரித்த அம்மலை தவளை இனம் ஒன்றையும் இரண்டாகப் பிரித்துள்ளது. அதனையே யாம் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

மணலுள் மறைந்து கிடக்கும் தவளையை நுணல் என்றனர் நம் முன்னோர். அவ்வாறே மலைநாட்டில் மண்ணுள் வாழ்வது ஊதாத் தவளை. பருத்த உடலும் குறுகிய கால்களும் கூரிய மூக்கும் உடைய இது, நிலத்தடியே கறையானை உண்டு வாழும். இனம் பெருக்குதற்பொருட்டு ஆண்டில் சில நாளே வெளிவரும். ஆதலின், ஆண்டுக்கொருமுறை நாடு காண வரும் மாவேலி மன்னன் பெயரால் இதனை மாவேலித் தவளை என்றும் மலையாள நாட்டில் வழங்குவர்.

2003-ஆம் ஆண்டில் பிஜு, பொசுயிட் என்னும் அறிஞர் இருவர் இதனை இடுக்கி மாவட்டத்தினின்று உலகுக்கு அறிவித்தனர். மூக்கைக் குறிக்கும் வடசொல்லும் தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கூடி, நாசிகாபட்ராகஸ் என்பது இதன் பேரினப் பெயராயிற்று. இதன் நெருங்கிய சுற்றமோ இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றது. அத்தீவுகளும் நம் நாடும் ஒரே நிலமாயிருந்த பழங்காலத்திற்கு இஃதொரு சான்று.

2017-இல் இதன் உடன்பிறப்பு ஒன்று, நம் தமிழ்நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவினின்று அறிவிக்கப்பெற்றது. 2014-இல் அகத்தியமலையில் ஆய்வின்போது உயிர்நீத்த பூபதி என்னும் அறிஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றினும், உடலமைப்பிலும் கூவும் ஓசையிலும் மரபணுவிலும் வேறுபடுவன. யாவற்றினும் பெரிய வேறுபாடு காலமே. முன்னது தென்மேற்குப் பருவத்தின் முதல் மழைகளோடு மேலெழும். பின்னது வடகிழக்குப் பருவத்தில் எழும். ஒன்று துணை நாடி வெளிப்படும் நாளில் மற்றொன்று மண்ணுள் மறைந்திருக்கும். சந்தியாத இரண்டும் கலப்பதெங்ஙனம்?

இவற்றின் தலைப்பிரட்டைகள் ஓடைப் பாறைகளை வாயாற் பற்றிக்கொண்டு வளர்வன. காடு காபித் தோட்டமாகவும் ஏலத் தோட்டமாகவும் மாறினாலும், ஓடை அணையால் தடைப்பட்டாலும், இவற்றின் வாழ்வு குன்றும். இடுக்கித் தவளை 2004-இல் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. மேற்கே ஒன்று பிழைத்திருப்பின், கிழக்கே மற்றது மறையினும் இழப்பில்லை என எண்ணுதல் பொருந்தாது. ஐப்பசி மழைக்கு எழும் தவளையின் இடத்தைத் தென்மேற்கு மழைக்கு எழுவது நிரப்பாது.

கூவித் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்து அழிவது நுணல் என்பர். இவ்விரு தவளைகளும் அழியுமாயின், அவ்வழிவு அவற்றின் வாயால் வந்ததன்று. நம் கையால் வந்ததேயாம்.