பிரேதத்திற்கு மானமில்லையா?

சவ ஊர்வலம் எதிர்ப்படின், முன்பின் அறியாதவரும் வழிவிட்டு நிற்பது நம் நாட்டு வழக்கம். பகையும் மயானத்தோடு ஒழிந்ததென்பர் பெரியோர். இத்தகைய தேசத்தில், இறந்தோர் உடலைக் காக்கும் சட்டம் எந்நிலையில் இருக்கிறதென்பதை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டுகிறோம்.

1860-ஆம் வருஷத்தில் அன்னிய ஆட்சியார் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 297-வது பிரிவென ஒன்றிருந்தது. பிறர் மனத்தைப் புண்படுத்தவோ, அவர் மதத்தை இழிவுபடுத்தவோ கருதி, அல்லது அவ்வாறு நேருமென அறிந்து, மயானத்தில் அத்துமீறிப் புகுவோர்க்கும், பிரேதத்தை அவமதிப்போர்க்கும், ஈமச்சடங்கிற்குக் கூடினோரைக் கலைப்போர்க்கும் ஒரு வருஷம் வரை சிறைவாசம், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அது விதித்தது. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி பாரதீய நியாய சம்ஹிதை அதன் இடத்தில் அமலுக்கு வந்தது. அடிமைச் சின்னத்தை அகற்றுவதாகச் சொல்லியே அது கொண்டுவரப்பட்டது. ஆயினும் 297 என்ற எண் 301 ஆயிற்றேயன்றி, கருத்தும் மாறவில்லை, தண்டனையும் மாறவில்லை!

இப்பிரிவு காப்பது உயிரோடிருப்போர் மனத்தையே, இறந்தோர் மானத்தையன்று. அழுவதற்கு ஆளில்லாத அனாதைப் பிரேதத்தை இருட்டறையில் ஒருவன் இழிவு செய்வானாயின், எவர் மனம் புண்பட்டதென்று அவன் வக்கீல் கேட்க இடமிருக்கிறது. இதனினும் விந்தை ஒன்றுண்டு. இறந்தவன் விட்டுப்போன பொருளைக் கபடமாய்க் கைப்பற்றுவோனுக்கு அதே சம்ஹிதையின் 315-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை. மோதிரத்திற்கு மூன்று வருஷம், அதை அணிந்திருந்த உடலுக்கு ஒரு வருஷம்! இது என்ன நியாயம்?

எச்சரிப்பார் இல்லாமற் போகவில்லை. கௌரவத்துடன் வாழும் உரிமை மரித்தோர் உடலையும் சாருமென்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே கூறியது. கொலையுண்ட பெண்ணின் பிரேதத்தைக் கொடியவன் ஒருவன் பங்கப்படுத்திய வழக்கில், 2023 மே மாதம் கர்நாடக ஹைக்கோர்ட்டு கொலைத் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் பிரேதத்தை மனுஷியாகச் சட்டம் கொள்ளவில்லையென்று, பலாத்காரக் குற்றத்தினின்று அவனை விடுவிக்க நேர்ந்தது. 377-வது பிரிவைத் திருத்தியோ, தனிப்பிரிவு இயற்றியோ இக்குறையைப் போக்குமாறு மத்திய சர்க்காருக்கு நீதிபதிகள் யோசனை கூறினர். அவ்வருஷம் டிசம்பரில் புதிய சம்ஹிதையை நிறைவேற்றிய பார்லிமெண்டோ, 377-ஐ முழுதும் நீக்கியது, தனிப்பிரிவையும் சேர்க்கவில்லை.

மனமிருந்தால் வழியுண்டு. 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க்குப் பலியான வைத்தியர் ஒருவரின் நல்லடக்கத்தைச் சென்னையில் ஒரு கும்பல் தடுத்தது. அம்மாதமே தமிழக சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, தொற்றுநோயால் மாண்டோரின் அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்று வருஷம் வரை சிறை விதித்தது. ஒரு மாகாணத்தால் சில தினங்களில் இயன்றது, டில்லிக்கு இயலாதா?

பிறர் மனம் புண்பட்டதா என்ற விசாரணையின்றி, பிரேதத்தை இழிவு செய்தலே குற்றமென்று சொல்லும் தனிப்பிரிவு வேண்டும். செயலின் கொடுமைக்கேற்ற தண்டனையும் வேண்டும். வாய்திறந்து முறையிட இயலாதவர்க்காக முறையிடுவது உயிருள்ளோர் கடமை. நமது பிரதிநிதிகள் அதனை உணர்வார்களாக.