ஒளியில் பறந்த இயந்திரத் தேனீ

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அமைத்த இயந்திரத் தேனீயின் எடை 259 மில்லிகிராம். மின்னழுத்தம் பட்டதும் வளைந்து நிமிரும் பீங்கான் தகடுகளே அதன் தசைகள். நான்கு சிறகுகளையும் வினாடிக்கு ஏறத்தாழ 170 முறை அவை அடிக்கச் செய்கின்றன. இதற்குச் சுமார் 200 வோல்ட் வேண்டும். சூரிய மின்கலங்கள் தருவதோ சில வோல்ட்டே! அதை உயர்த்தும் மின்சுற்றையும் இச்சிற்றுயிரே (உயிரற்றதை அவ்வாறு அழைக்கலாமெனில்) சுமந்தாக வேண்டும். சேமக்கலம் கிடையாது; ஒளி மறைந்தால் பறத்தலும் நின்றுவிடும்.

2019-இல் அது கம்பித் தொடர்பின்றி எழும்பியது. ஆனால் அரை வினாடியளவே. அதற்கும் வெயிலைப்போல் மும்மடங்கு வலிய விளக்கொளி தேவைப்பட்டது. 2024-இல் சீன விஞ்ஞானிகளின் 4.21 கிராம் கருவி இயற்கை வெயிலிலேயே ஒரு மணி நேரம் பறந்தது. ஆயினும் அதை உயர்த்தியது சுழல்விசிறி, சிறகன்று.