இரவுச் சைக்கிளுக்கு விளக்கு யாருக்காக?



கொழும்பில் கார், வேன், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு முறைப்பாடு அடிக்கடி கேட்கக் கிடைக்கும். "ராவில லைட்டே இல்லாம சைக்கிள்ல வாறாங்க. கிட்ட வந்த பிறகுதான் ஆள் இருக்கிறதே தெரியுது. பிரேக் அடிக்க நேரமில்ல" என்பார்கள். ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, பாமன்கடை என்று கடைகளும் வீடுகளும் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில் இந்தப் பேச்சு இன்னும் அதிகம்.

இதை நாம் ஏன் தோட்டத்தில் இருந்துகொண்டு பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அந்தச் சைக்கிளை மிதிக்கிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படிப்பை முடித்தும் முடிக்காமலும் கொழும்புக்கு வேலைக்குப் போகிற நம் பையன்கள் பலசரக்குக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கவும், வேலை முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்பவும் சைக்கிள்தான் துணை. மலையில் ஏற்றமும் இறக்கமுமான பாதையில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் நமக்குக் குறைவு. ஆகவே, முதன்முதலாகச் சைக்கிள் மிதிப்பதே கொழும்பு வீதியில்தான் என்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. சொல்ல வேண்டியது நாம்தான்.

வெளிச்சம் உள்ள ஊரில் இருட்டு

ஹெவ்லொக் டவுன் என்பது கொழும்பு 5 பகுதியில் இருக்கிறது. 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரால் அமைந்த இடம். தும்முல்லை சந்தியிலிருந்து கிருலப்பனை பக்கமாகப் போகும் ஹெவ்லொக் வீதிதான் இதன் முதுகெலும்பு. அதற்கும் கடலோரம் போகும் காலி வீதிக்கும் நடுவில் டிக்மன்ஸ் வீதி என்று பழக்கத்தில் சொல்கிற வீதியைப் போல பல குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும் உண்டு.

பெரிய வீதியில் கடை வெளிச்சம், விளம்பரப் பலகை வெளிச்சம், வாகன வெளிச்சம் எல்லாம் உண்டு. அங்கிருந்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் மரநிழல், உயர்ந்த மதில், தூரத்தில் ஒரு விளக்குக் கம்பம். வெளிச்சத்தில் ஓட்டிவந்த சாரதியின் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வெளியே வருகிறது.

"வீதியிலதான் லைட்டு இருக்குதே, சைக்கிளுக்கு எதுக்கு தனியா ஒன்னு?" என்று நம் பையன்கள் கேட்பார்கள். கேள்வியில் பிழை இல்லை. சைக்கிள்காரருக்குப் பாதை தெரிகிறது. எதிரே வரும் காரும் தெரிகிறது. ஆகவே கார்க்காரருக்கும் தன்னைத் தெரியும் என்று அவர் நம்பிவிடுகிறார். ஆபத்து இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. காருக்கு இரண்டு பெரிய விளக்கு எரிகிறது, அதனால் அது தெரிகிறது. சைக்கிளில் ஒன்றும் எரியவில்லை, அதனால் அது தெரியவில்லை. நகரத்தில் சைக்கிள் விளக்கின் முதல் வேலை நமக்குப் பாதையைக் காட்டுவது அல்ல. மற்றவருக்கு நம்மைக் காட்டுவதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீட்டர் தூரம் ஓடுகிறது. சாரதி ஒன்றைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, காலை பிரேக்கில் வைப்பதற்கு ஒன்றரை செக்கன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 21 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகும் காய்ந்த வீதியில் இன்னும் சுமார் 14 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மொத்தம் 35 மீட்டர். மழை பெய்து வீதி நனைந்திருந்தால் 45 மீட்டரும் ஆகலாம்.

இனி மற்றப் பக்கம். கீழ்நோக்கி வைத்த ஹெட்லைட் வெளிச்சத்தில், கறுப்பு அல்லது கடுநீல உடுப்புப் போட்ட ஒருவரைச் சாரதி காண்பது ஏறக்குறைய 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான். நிற்பதற்கு வேண்டியது 35 மீட்டர், தெரிவது 30 மீட்டரில். மிச்சம் 5 மீட்டர் எங்கே போகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. சாரதி குடிக்காமல், வேகமாக ஓட்டாமல், நல்ல கவனத்தோடு வந்தாலும் இதுதான் கணக்கு. எதிர்ப்பக்கம் வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் இன்னும் மோசம்.

அதே சைக்கிளின் பின்னால் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தால் 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். சாரதிக்கு வேகத்தைக் குறைக்கவும் ஒதுங்கவும் தாராளமாக நேரம் கிடைக்கும். ஒரு சின்ன விளக்கு செய்கிற வேலை இது.

டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரத்தில் 2004, 2005 ஆண்டுகளில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். ஏறக்குறைய 4,000 சைக்கிள்காரர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இரவு பகல் எந்நேரமும் எரியும் விளக்கைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளக்கு இருந்தவர்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவாக இருந்தன. பகலில் கூட விளக்கு உதவுகிறது என்றால் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

2022 காட்டிய பாடம்

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை பெரிதாகக் கண்ணில் பட்டது 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வீதி விளக்குகளையும் அணைக்க வேண்டி வந்தது. ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்ற வாகனங்களுக்கு எரிபொருள் கொடுப்பதையே அரசாங்கம் ஜூலை 10 வரை நிறுத்தியது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்போது கொழும்பில் அலுவலகம் போகிறவர்கள்கூட சைக்கிளில் ஏறினார்கள். வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எல்லாம் துடைத்து எடுத்தார்கள். டயர், டியூப், செயின் போட்டார்கள். விளக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? வீதி விளக்கு அணைந்த அதே காலத்தில் விளக்கில்லாத சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. நெருக்கடி தணிந்து வாகனங்கள் திரும்பவும் நிறைந்தன. ஆனால் சைக்கிளை விட முடியாதவர்கள் இருக்கிறார்கள். கடைப் பையனும் காவல் வேலை செய்கிறவரும் கூலி வேலைக்காரரும் நெருக்கடிக்கு முன்னும் சைக்கிளில்தான் போனார்கள், இப்போதும் சைக்கிளில்தான் போகிறார்கள்.

ஏன் போடுவதில்லை?

சோம்பல் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். பழைய டைனமோவை டயரில் சாய்த்தால் மிதி கனக்கும். நாள் முழுக்க வேலை செய்து களைத்த கால் அதைத் தள்ளிவிடும். சிக்னலில் நின்றால் டைனமோ விளக்கு அணைந்துபோகும், நிற்கிற நேரம்தான் பின்னால் வாகனம் வரும். பட்டரி விளக்கைக் கழற்றாமல் விட்டால் களவு போகும். எல்லாவற்றிலும் பெரிய காரணம், சைக்கிள் கடைக்குச் சொந்தம். முதலாளி போடுவார் என்று பையன் இருப்பான், பையன் போடட்டும் என்று முதலாளி இருப்பார்.

இதில் நம் கருத்து தெளிவானது. வேலைக்கென்று சைக்கிளைக் கொடுக்கிறவர், அதற்கு பிரேக் போட்டுக் கொடுப்பதைப் போல விளக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் துவிச்சக்கர வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்டப் போகிறவன் பையன். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கப் போகிறவனும் அவன்தான். அந்தக் குடும்பம் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டி வரும். ஒரு விளக்கைக் கேட்டு வாங்குவது முதலாளியோடு சண்டை போடுவது ஆகாது.

முறைப்பாடு சொல்கிற சாரதிமாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. குறுக்கு வீதிகளில் வேகத்தைக் குறைக்காமல், எதிரே ஆள் வரும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தாமல் ஓட்டிக்கொண்டு சைக்கிள்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் வீதி விபத்துகளில் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். நடந்து போகிறவர்களும் இரண்டு சக்கரத்தில் போகிறவர்களும்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் நியாயம் யார் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அடிபடுவது நம் பிள்ளையின் உடம்பு.

செய்யக்கூடியவை

1. முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு விளக்கு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் பின்னுக்குப் போடுங்கள், கையோடு முன்னுக்கும் சேர்த்துவிடுங்கள். பின்னால் வருகிற வாகனம் நம் கண்ணுக்குத் தெரியாது.

2. பின்மட்கார்டிலும் மிதியிலும் ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். சேறு படிந்தால் அது வேலை செய்யாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ரிஃப்ளெக்டர் தானாக எரியாது, வாகன வெளிச்சம் பட்டால்தான் மின்னும். ஆகவே அது விளக்குக்குத் துணைதான், விளக்குக்குப் பதில் அல்ல.

3. கழற்றக்கூடிய பட்டரி விளக்காக இருந்தால் களவுப் பயம் இல்லை. சைக்கிளை நிறுத்தியதும் கழற்றிப் பொக்கெட்டில் போடலாம். வீதியில் நிற்கும்போதும் அது அணையாது.

4. இரவில் வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிற உடுப்பு நல்லது. கறுப்பு உடுப்புத்தான் என்றால் மேலே ஒரு வெள்ளைச் சேர்ட்டாவது போடலாம்.

5. இடப்பக்கமாகவே ஓட்ட வேண்டும். குறுக்குவழி என்று வாகனங்களுக்கு எதிரே போனால் இரண்டு வேகமும் சேர்ந்துகொள்ளும். சாரதிக்கு இருக்கும் கொஞ்ச நேரமும் பாதியாகும்.

6. பின்னால் சாமான் கட்டும்போது சிவப்பு விளக்கைச் சாக்கு மறைத்துவிடாமல் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கும் இதே கணக்குத்தான்

சைக்கிள் இல்லாவிட்டாலும் நாமும் இருட்டில் ரோட்டில் போகிறவர்கள்தான். விடிய முன்னே பெரட்டுக்குப் போகும்போதும், பனிமூட்டத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதும், கோயில் திருவிழா முடிந்து கூட்டமாகத் திரும்பும்போதும் லொறியும் ஓட்டோவும் வளைவில் திடீரென்று வரும். "ரோடு நமக்குப் பழக்கம், கண்ணை மூடிக்கிட்டுப் போவோம்" என்பது சரிதான். ஓட்டி வருகிறவருக்கு நம்மைத் தெரிய வேண்டுமே. கூட்டத்தில் முன்னால் போகிறவர் கையில் ஒரு டோர்ச், கடைசியில் வருகிறவர் கையில் ஒரு டோர்ச் இருக்கட்டும். கையில் இருக்கும் தொலைபேசியின் வெளிச்சமும் உதவும்.

கொழும்பில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "ராவில சைக்கிள் ஓடுறியா தம்பி? முன்னுக்கு லைட் இருக்குதா? பின்னுக்குச் சிவப்பு எரியுதா?" இல்லை என்றால், அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கைக் குறைத்து விளக்கு வாங்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு வரும்போது சைக்கிளைப் பற்றி விசாரியுங்கள். ஊருக்கு வந்து திரும்பும் மற்றப் பிள்ளைகளுக்கும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.