ரேம் மாற்றுபவரின் கைக்கும் காப்பு வேண்டும்

கல்லூரி, மருத்துவமனை, சிமென்ட் ஆலை, ஆட்சியர் அலுவலகம் என்று பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலும் சர்வர் அறைகள் பெருகிவிட்டன. பழைய சர்வருக்கு ரேம் கூட்டுவது, பிராசஸர் மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் ஆபீஸ் முடிந்த பிறகு, ஒற்றை ஆளாக. பாகம் கெட்டுவிடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தன் உடம்பைப் பற்றி அவர் யோசிப்பதில்லை.

கார்டு ஒன்றல்ல, இரண்டு

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகியவர் ஒரு பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்துவிடுவார். சர்வர்களில் பெரும்பாலும் பவர் சப்ளை இரண்டு இருக்கும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது ஓட்டிக்கொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் போயிருந்தாலும் யுபிஎஸ் 230 வோல்ட் தரும். இரண்டையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, போர்டில் எரியும் விளக்கு அணைந்த பிறகே கை வையுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பிரிக்கவே வேண்டாம். உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வெறும் கம்பி கட்டாதீர்கள்

நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கும், நம்மை ஒன்றும் செய்யாது. அதற்குச் செய்யும் கைவைத்தியம்தான் ஆபத்து. மணிக்கட்டுப் பட்டை வாங்கக் காசு எதற்கு என்று செம்புக் கம்பியைக் கையில் சுற்றி எர்த்தில் மாட்டுகிறவர்கள் உண்டு. கடையில் விற்கும் பட்டைக்குள் பத்து லட்சம் ஓம் தடை இருக்கிறது. தவறிப்போய் 230 வோல்ட்டில் கை பட்டாலும் உடம்பில் பாய்வது கால் மில்லிஆம்பியர்கூட இல்லை. வெறும் கம்பியில் அந்தத் தடை கிடையாது. வியர்த்த கை என்றால் நூறு மில்லிஆம்பியரைத் தாண்டிப் பாயலாம், இதயத்தை நிறுத்த அது போதும். நல்ல பட்டையானாலும் மின்சாரம் ஓடும் இயந்திரத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்யக்கூடாது. மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயினையும் யுபிஎஸ்ஸையும் அணைக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரியலூர்த் தூசி

சுண்ணாம்புக்கல் பூமி இது. ஆலைப் பக்கத்து சர்வரைத் திறந்தால் ஹீட்சிங்கில் வெள்ளையாய்ப் படிந்திருக்கும். சிமென்ட் தூசி ஈரம் பட்டால் காரத்தன்மை கொள்ளும். வியர்த்த தோலையும் கண்ணையும் அரிக்கும். ஏசி அறைக்குள் ப்ளோயர் போட்டால் அத்தனையும் நுரையீரலுக்குத்தான். வெளியே எடுத்துப்போய், என்95 முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து ஊதுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

சூடும் எடையும்

ஹீட்சிங்க் ஆறட்டும். அதன் தகடுகள் பிளேடு மாதிரி கீறும். ராக்கில் இருக்கும் சர்வர் இருபது கிலோவைத் தாண்டலாம், இரண்டு பேராகத் தூக்குங்கள். பிராசஸர் மேலிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்த கையோடு டீ கிளாஸை எடுக்காதீர்கள்.

கழற்றிய பட்டன் செல்

போர்டு திறந்திருக்கும்போதே பழைய பட்டன் செல்லையும் மாற்றிவிட்டு, கழற்றியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே குழாய் வெந்து புண்ணாகும். தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும். இருபுறமும் டேப் ஒட்டி மின்கழிவில் சேருங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும்: வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே எடுக்க உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.