காற்று இல்லாத நாளில் வந்த அலை!

குழந்தைகளே! ராமேஸ்வரம் போயிருக்கிறீர்களா?

போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தக் கடற்கரை இருக்கிறது அல்லவா? கோடைக்காலத்தில் அங்கே போய் நின்றால், அதைக் கடல் என்று சொல்லவே யோசனையாக இருக்கும். அலையே இருக்காது! குளத்துப் படிக்கட்டில் தண்ணீர் தளும்புமே, அதுபோல 'சளக்... சளக்' என்று கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். தள்ளாத வயதுப் பாட்டிகள் கூடப் பயமில்லாமல் இறங்கி முழுக்குப் போடுவார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். 1990களின் தொடக்கத்தில் ஓர் ஏப்ரல் மாதம், ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரை ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். எங்கள் ஊர் மதுரைப் பக்கம். பாதிப் பேர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. அக்னி தீர்த்தத்தில் நின்றபோது ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், இது கடலா, கண்மாயா?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இன்றைக்குக் காற்று இல்லையடா, அதனால் அலை இல்லை. அலையை உண்டாக்குவது காற்று என்று பாடத்தில் படித்தோமே!" என்றேன்.

நான் சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதி மறுநாள் மத்தியானம் எனக்குப் புரிந்தது. புரிந்த விதம்தான் நல்லதாக இல்லை.

மறுநாள் தனுஷ்கோடிப் பக்கம் போனோம். இன்றைக்கு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அது 2017இல் வந்தது. அப்போது மணலில் நடக்க வேண்டும், அல்லது ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். அந்த இடத்தின் அமைப்பே விசித்திரமானது. ஒல்லியான ஒரு மணல் வால். அதற்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். சாதுவாக இருக்கும் வடக்குக் கடலைப் 'பெண் கடல்' என்றும், ஆர்ப்பரிக்கும் தெற்குக் கடலை 'ஆண் கடல்' என்றும் சொல்வதுண்டு. (எங்கள் வகுப்பு மாணவிகள் இதைக் கேட்டு, "அப்படியென்றால் பெயரை மாற்றி வைக்க வேண்டும் சார்" என்றார்கள்! அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.)

அன்றும் காற்றே இல்லை. வியர்த்துக் கொட்டியது. வடகரையில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் விளையாடினார்கள். பிறகு மணலைக் கடந்து தென்கரைக்கு வந்தோம். அங்கேயும் கடல் சும்மாதான் கிடந்தது. சின்னச் சின்ன அலைகள். ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். "சரி, கால் மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அடுத்த நிமிடம், தொலைவில் தண்ணீர் ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து வந்தது. சத்தமில்லை, நுரையில்லை. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து நின்று 'தடால்' என்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் மற்றொன்று. 'கடலா, கண்மாயா' என்று கேட்டானே, அதே பையன் கால் இடறி விழுந்தான். திரும்பி ஓடிய தண்ணீர் அவனை உருட்டிக்கொண்டு உள்ளே இழுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வலைக் கயிற்றை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

பையன் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். எனக்குக் கைகால் நடுங்கியது.

"காற்றே இல்லையே..." என்று உளறினேன்.

"என்ன வாத்தியாரே, காத்து இல்லாட்டி அலை வராதுன்னு நெனச்சீகளா? இது இங்க பொறந்த அலை இல்ல. தெக்க எங்கயோ அடிச்ச காத்துக்கு இங்க வந்து மோதுது. வெளியூர் அலை!" என்றார் அவர்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, வெளியூர் அலையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அலையைப் பிறப்பிப்பது காற்றுதான். அதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரக் கடல் பரப்பின் மேல் காற்று வீசுகிறதோ, அதைப் பொறுத்து அலை பெரிதாகும். ஆனால், பிறந்த இடத்திலேயே அலை நின்றுவிடுவதில்லை. கயிற்றின் ஒரு முனையை உதறிப் பாருங்கள். வளைவு மறு முனை வரை ஓடும். கயிறு உங்கள் கையிலேயேதான் இருக்கும். கடல் அலையும் அப்படித்தான். தண்ணீர் அங்கேயே ஏறி இறங்குகிறது, அசைவு மட்டும் பயணம் போகிறது. ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஆழ்கடலில் போட்டால், அலை அதைத் தூக்கி இறக்கிவிட்டுத் தான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் விரலை வைத்து நேராகத் தெற்கே இழுங்கள். அண்டார்டிகா வரை பெரிய நிலமே குறுக்கே வராது. தெற்கே 40 டிகிரி அட்சரேகையைத் தாண்டினால், காற்றைத் தடுக்க மலையும் இல்லை, மரமும் இல்லை. அங்கே வருடம் முழுவதும் பேய்க்காற்று வீசும். பழைய மாலுமிகள் அந்தப் பகுதிக்கு 'உறுமும் நாற்பதுகள்' என்றே பெயர் வைத்தார்கள். நமக்குக் கோடை தொடங்கும் சித்திரை மாதத்தில் அங்கே குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருக்கும். புயல்கள் வலுக்கும்.

அந்தப் புயலில் பிறந்த நீண்ட அலைகள் வடக்கு நோக்கிக் கிளம்புகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நம் கரைக்கு 5,000 கிலோமீட்டர் தூரம் என்றால் எத்தனை மணி நேரம்? கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். 100 மணி நேரம். அதாவது, நான்கு நாளும் நான்கு மணி நேரமும். இன்று வியாழக்கிழமை நம் காலை நனைக்கும் அலை, ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டுவிட்டது!

இதை நம்ப முடியாமல் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கக் கடல் விஞ்ஞானி வால்டர் மங்க். 1963இல் அவரும் நண்பர்களும் நியூசிலாந்து, சமோவா, ஹவாய், அலாஸ்கா என்று பசிபிக் கடல் நெடுக அளவுக் கருவிகளை வைத்தார்கள். தீவு இல்லாத இடத்தில் என்ன செய்வது? 'ஃபிளிப்' என்று ஒரு கப்பல். நடுக்கடலுக்குப் போனதும் அது அப்படியே செங்குத்தாக எழுந்து நின்றுகொள்ளும்! மங்க், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் சமோவாத் தீவுக்குப் போய்க் குடியிருந்து அலையை அளந்தார். தென்கோடியில் பிறந்த அலைகள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அலாஸ்காவில் கரை சேர்ந்ததை அவர்கள் கண்டறிந்தார்கள்.

சரி, இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். தென்கரைக்கு வந்த வெளியூர் அலை, சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் வடகரைக்கு ஏன் வரவில்லை?

வரைபடத்தையே இன்னொரு முறை பாருங்கள். பாக் விரிகுடாவுக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் இலங்கை. தெற்கே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. சில இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது. நீண்ட அலைக்கு ஆழம் வேண்டும். 18 விநாடி அலையின் நீளம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அந்த நீளத்தில் பாதி ஆழத்திலேயே அதற்குத் தரை தட்டுப்படத் தொடங்கிவிடும். தரை தட்டியதும் வேகம் குறையும், உயரம் கூடும், கடைசியில் உடைந்து விழும். மன்னார் வளைகுடாவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான இடங்கள் உண்டு. அங்கே தடையில்லாமல் ஓடி வருகிற அலை, மணல் திட்டில் தலையை மோதிக்கொண்டு அங்கேயே முடிந்துபோகிறது. பாக் விரிகுடாவோ பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கதவைச் சாத்திய வீடு மாதிரி!

ஆனால், அந்த வீட்டுக்கு வடகிழக்கில் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது சாதுவான வடகடல் சீறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். பாம்பன் மீனவர்கள் அதற்கேற்ப ஒரு பருவத்தில் இந்தக் கடலுக்கும், மறு பருவத்தில் அந்தக் கடலுக்கும் போவார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்துபோனதை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு சந்தேகம் வரும். ஐந்து நிமிடம் நின்று பார்த்தேனே, அப்போது ஏன் பெரிய அலை வரவில்லை? நீங்களும் உங்கள் நண்பனும் கை தட்டுங்கள். நீங்கள் கொஞ்சம் வேகமாக, அவன் கொஞ்சம் மெதுவாக. முதலில் இரண்டும் மாறி மாறிக் கேட்கும். திடீரென்று சில தட்டல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓங்கி ஒலிக்கும். பிறகு மறுபடியும் விலகும். கொஞ்சம் வெவ்வேறு நீளமுள்ள அலைகள் சேர்ந்து வரும்போதும் இதுதான் நடக்கிறது. முகடும் முகடும் சேர்ந்தால் நான்கைந்து பெரிய அலைகள் வரிசையாக வரும். சேராதபோது பல நிமிடங்கள் கடல் தூங்குவது போலக் கிடக்கும். நான் பார்த்தது தூங்கிய நேரத்தை!

காற்றில்லாத நாளில் இப்படித் திருட்டுத்தனமாக வந்து கரையேறும் கடலுக்குக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோ அமைப்பே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. நம் கன்னியாகுமரிக் கரையிலும் கோடையில் இது வரும். 2024 மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தது, ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம். தெற்கே எழும் புயலைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, அலை வந்து சேரும் நாளை முன்கூட்டியே சொல்கிறார்கள். கடற்கரைக்குக் கிளம்பும் முன் அன்றைய செய்தியில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று அப்பா அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தாலோ, கரையில் இருக்கும் மீனவர்கள் வேண்டாம் என்றாலோ, கடல் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள்.

அலை உள்ளூரா, வெளியூரா என்று நீங்களே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. சென்னை அருகே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறார்களே, அவர்களும் இதைத்தான் பார்ப்பார்கள். கைக்கடிகாரம் போதும். உலர்ந்த மணலில், தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காருங்கள். ஓர் அலை உடையும்போது மணியைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு பத்து அலைகளை எண்ணுங்கள். ஆன விநாடிகளைப் பத்தால் வகுங்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று வந்தால் பக்கத்துக் காற்றில் பிறந்த குட்டி அலை. பதினைந்துக்கு மேல் வந்தால் அது தூரத்து விருந்தாளி. பார்க்க எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதனிடம் வலு அதிகம்.

போன சித்திரையில் ராமேஸ்வரம் போனபோது இரண்டு கரையிலும் உட்கார்ந்து எண்ணினேன். வடகரையில் பத்து அலைக்கு 31 விநாடி. தென்கரையில் 2 நிமிடம் 40 விநாடி. காற்றா? என் தோளில் கிடந்த துண்டுகூட அசையவில்லை.